முழுதாகக் கேட்கப்பட்ட சுவர்

ஜவ்வாது மலையில் புளியும் சாமையும் வாங்கி விற்கும் மலையமுது உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஏன் நட்டத்தில் போகிறது என்று பார்த்து வர, கடன் கொடுத்த நிறுவனம் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரை அனுப்பியது. அவர் கணக்கைப் பார்க்கவில்லை. லாரி வாடகையைப் பார்க்கவில்லை. கிடங்கில் கூரை ஒழுகும் இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒழுகுகிறது என்று யாரோ சொன்னதும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். சில நாள் கழித்து அறிக்கை வந்தது. இந்தக் கம்பெனியில் யாரும் யார் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்பதில்லை, அதுதான் நோய் என்று அதில் எழுதியிருந்தது.

அது உண்மைதான்.

நோய் சிறியது, மருந்து பெரியதாக வந்து இறங்கியது. கிடங்கின் முன்பக்கத் தாழ்வாரத்தை அடைத்துச் ‘செவியகம்’ என்று ஓர் அறை கட்டினார்கள். உள்ளே நான்கு பக்கமும் பஞ்சு ஒட்டி, குளிர்சாதனப் பெட்டி வைத்து, எதிரெதிரே இரண்டு மெத்தை நாற்காலிகள் போட்டார்கள். பேசுகிறவர் தாழ்ந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டும் ஒரே உயரம். வெளியே வரும்போது அழுத்துவதற்கு வாசலில் இரண்டு பொத்தான்கள்: ஒன்றில் சிரிக்கிற முகம், ஒன்றில் அழுகிற முகம்.

அந்தத் தாழ்வாரத்தில் அதுவரை புளியில் கொட்டை எடுக்கும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கிடங்குக்குள்ளே, பின்சுவரை ஒட்டி உட்கார வைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மலைச்சரிவு. சரிவை வெட்டித்தான் கிடங்கைக் கட்டியிருந்தார்கள்.

ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வெற்றிச்செல்வன் என்பவர் மாதம் ஒருமுறை வேலூரிலிருந்து காரில் வந்தார். முன்னே எவ்வளவு சாய்ந்து உட்கார வேண்டும், எப்போது தலையாட்ட வேண்டும், எப்போது ‘ம்’ என்று சொல்ல வேண்டும், சொன்னதை எப்படித் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலான விதியைச் செவியகத்தின் சுவரில் தங்க எழுத்தில் மாட்டினார்: ‘தீர்வு சொல்கிறவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.’

திட்டம் பலன் கொடுத்தது. சாமைக்கு விலை போதவில்லை என்று சொல்ல வந்த விவசாயிகளை ஒவ்வொருவராக உள்ளே அழைத்துக் கேட்டார்கள். விலை அப்படியேதான் இருந்தது. ஆனால் வெளியே வந்தவர்கள் சிரிக்கிற முகத்தை அழுத்திவிட்டுப் போனார்கள். கடன் கொடுத்த நிறுவனம் அதைப் படமெடுத்துத் தன் ஆண்டு மலரில் போட்டது. உள்ளே குளிர்ச்சியாக இருந்ததால் அழுத்தினோம் என்று சிலர் பிறகு சொன்னார்கள். அதை யாரும் கேட்கவில்லை. அது செவியகத்துக்கு வெளியே சொல்லப்பட்டது.

இந்த நிலையில்தான் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஈச்சங்கொல்லையைச் சேர்ந்த முனியன் கம்பெனிக்குப் போக நேர்ந்தது.

அவன் மனைவி சின்னக்குழந்தை அந்தக் கிடங்கில் கூலிக்குப் புளி கொட்டை எடுத்தாள். சித்திரையில் முதல் மழை பெய்த மறுநாள் சாயங்காலம், வேலை முடிந்து வந்தவள் தலைச்சும்மாட்டைக்கூட எடுக்காமல் சொன்னாள்.

“செவுரு வவுறு தள்ளிக்கினு நிக்குதுய்யா. மாசமா கீறவ மாரி.”

“எந்தச் செவுரு?”

“நாங்க முதுவ சாச்சிக்கினு ஒக்கார்றோமே, அந்தச் செவுருதான். நேத்து மழைல இன்னும் கொஞ்சம் முன்னால வந்துட்ச்சி. முன்னெல்லாம் நாங்க அது மேல சாய்வோம். இப்ப அது எங்க மேல சாயுது.”

“அங்கியே சொல்றதுதானே நீ?”

“நானு யாரு? கூலிக்காரி. கூலிக்காரங்க பேச்ச அந்தப் பஞ்சு ரூமுல எட்த்துக்க மாட்டாங்களாம். பங்கு போட்டிருக்கிறவங்க வந்தாத்தான் ஒக்கார வச்சிக் கேப்பாங்களாம். நீ போட்டிருக்கிறல்ல?”

“ஒரே ஒரு பங்கு.”

“ஒரு பங்குக்கு எவ்ளோ கேப்பாங்களோ அவ்ளோ கேக்கட்டும். செவுர இட்ச்சிக் கட்டுன்னு சொல்லாத. அது அவங்க பாடு. பாய எட்த்து இந்தாண்ட வாசப் பக்கமா போட வுடுங்கன்னு சொல்லு. அது போதும்.”

மறுநாள் முனியன் போனான். கேட்டல் அலுவலர் அருணா அவனைச் செவியகத்துக்குள் அழைத்து உட்காரவைத்தாள். ஆலங்காயத்துப் பெண், படித்தவள், சட்டையில் காது படம் போட்ட வில்லை குத்தியிருந்தாள். கைபேசியை அணைத்தாள், கதவைச் சாத்தினாள், சரியான அளவுக்கு முன்னால் சாய்ந்தாள்.

“சொல்லுங்க ஐயா. நான் உங்களுக்காக மட்டும்தான் இங்க இருக்கேன்.”

முனியன் சொன்னான்.

“பின்சுவர் தள்ளியிருக்கிற மாதிரி உங்களுக்குத் தோணுது. சரியா?”

“தோணல மா. தள்ளித்தான் கீது.”

“தள்ளியிருக்குன்னு நீங்க உறுதியா உணர்றீங்க.”

“நான் இன்னாம்மா உணர்றது? நீயே வந்து பாரேன். பத்து எட்டு வச்சா கிடங்கு.”

“நான் வந்து பாக்கணும்னு நீங்க எதிர்பாக்குறீங்க. அந்த எதிர்பார்ப்பை நான் மதிக்கிறேன்.” அருணா தலையாட்டினாள். “இன்னும் இருக்கா ஐயா?”

முனியன் இமைக்காமல் அவளையே பார்த்தான். பேச்சு விளங்காததால் அல்ல. அதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஈச்சங்கொல்லையில் ஊர்க்கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. ஒருவன் தன் குறையைச் சொல்ல எழுந்தால், அதைத் தலையில் ஏற்றுக்கொள்ள மனமில்லாதவர்கள் பாதியிலேயே துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட வேண்டும். அதில் யாருக்கும் வருத்தமில்லை. கடைசி வரை உட்கார்ந்து கேட்டவன் அந்த வேலையை ஏற்றுக்கொண்டவன் ஆகிறான். பிறகு அவன் வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. விடிந்ததும் கடப்பாரையோடு வந்து நிற்பான். அதனால் அந்த ஊரில் யாராவது தொண்டையைக் கனைத்தாலே பாதிக் கூட்டம் எழுந்துவிடும். முனியன் தன் வயதுக்கு எத்தனையோ குறைகளைச் சொல்லியிருக்கிறான். முழுதாக ஒருவர் உட்கார்ந்து கேட்டு அவன் பார்த்தது தன் மாமனார் ஒருவரைத்தான். அதுவும் அவருக்குக் கால் வராமல், எழுந்து போக முடியாத காலத்தில்.

இங்கே படித்த ஒரு பெண், ஒரு பங்குக்காரனை எதிரே உட்காரவைத்து, கடைசிச் சொல் வரை அசையாமல் கேட்டது மட்டுமல்ல, இன்னும் இருக்கிறதா என்றும் கேட்கிறாள். முனியன் கையெடுத்துக் கும்பிட்டான். வெளியே வந்து சிரிக்கிற முகத்தை அழுத்தினான்.

வீட்டுக்கு வந்து, “ஏத்துக்கினாங்க” என்றான்.

“இன்னா சொன்னாங்க?”

“ஒன்னியும் சொல்லல. கடசி வரிக்கும் கேட்டாங்க.”

சின்னக்குழந்தையும் அந்த ஊர்க்காரிதான். அவளுக்கும் அது போதுமானதாக இருந்தது.

ஆனால் பாய் நகரவில்லை. அடுத்த மழையில் சுவரிலிருந்து ஒரு பூச்சுப் பாளம் பெயர்ந்து பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளில் விழுந்தது. சின்னக்குழந்தை அதைக் கொண்டுவந்து கணவன் முன்னால் வைத்தாள்.

“இதான் அந்தப் பஞ்சு ரூமு அம்மா ஏத்துக்கின லட்சணம். இந்தா, கொழம்புல போடு.”

முனியன் யோசித்தான். அந்தப் பெண் ஏற்றுக்கொண்டிருப்பாள். சின்னப் பெண், அதிகாரம் பற்றவில்லை. பெரியவர் காதில் போட வேண்டும்.

பெரியவர் என்பது தலைமைச் செயல் அலுவலர் ஜீவானந்தம். பாளத்தை மேசை மேல் வைத்துவிட்டு முனியன் எதிரே உட்கார்ந்தபோது, கிடங்கு மேற்பார்வையாளர் கோபால்சாமியும் அங்கே சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். முனியன் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோபால்சாமி குறுக்கே விழுந்தார்.

“அட, அவ்ளோதானே! இதுக்கு இன்னாத்துக்கு ரூமு, நாற்காலி? சார், நான் இப்பவே போய்ப் பாய எடுத்து வாசல் பக்கம் போடச் சொல்லிடறேன். அஞ்சு நிமிஷ வேலை.”

ஜீவானந்தம் கண்ணை மூடித் திறந்தார்.

“கோபால்சாமி, இப்ப நீங்க என்ன செஞ்சீங்க தெரியுமா?”

“பாய…”

“ஒரு மனிதர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கையில் இருந்ததைப் பிடுங்கிட்டீங்க. அவருடைய வலி அவருடையது. அதை அஞ்சு நிமிஷ வேலைன்னு சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? இந்தக் கம்பெனி எதனால நாசமாப் போச்சு? உங்க மாதிரி ஆளுங்க அவசரப்பட்டு எதையாவது செஞ்சதால போச்சு. முதலில் கேட்கணும். அப்புறம் புரிஞ்சுக்கணும். அப்புறம் புரிஞ்சுக்கிட்டோமான்னு கேட்கணும். நான் எட்டு மாசமா இந்தப் பதவியில இருக்கேன். இதுவரைக்கும் ஒரே ஒரு தீர்வுகூடச் சொன்னதில்ல. அந்தப் பொறுமை உங்களுக்கு வரணும்.”

முனியனுக்கும் கோபால்சாமி மேல் கோபம்தான் வந்தது. பெரியவர் உட்கார்ந்து கேட்கும்போது நடுவில் பேச்சை முறிக்கிறவன், ஈச்சங்கொல்லைக் கணக்கில் வேலையைத் தட்டிவிடுகிறவன். ‘இந்த ஆளு எழுந்து போனாக்கூடத் தேவலை’ என்று அவன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

கோபால்சாமியை வேலூருக்கு மறுபயிற்சிக்கு அனுப்ப அன்றே உத்தரவானது. அவர் திரும்பி வரும்வரை கிடங்கில் எந்தப் பொருளையும் இடம் மாற்ற வேண்டாம் என்று சொல்லி, சாவியை ஜீவானந்தமே வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்து முனியனிடம் திரும்பி, “நீங்க தொடருங்க ஐயா. எவ்வளவு நேரமானாலும் சரி” என்றார். பாளத்தைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். “இது உங்களுக்கு எவ்வளவு கனமா இருக்கும்னு எனக்குப் புரியுது.”

“எனக்குக் கனமில்லீங்க. அந்தப் பொம்பள தோளுதான் வீங்கிப்போச்சி.”

“ம்” என்றார் ஜீவானந்தம். அது நல்ல ‘ம்’. வெற்றிச்செல்வன் இருந்திருந்தால் பாராட்டியிருப்பார்.

எழுந்தபோது அவர் முனியனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வரும் வாரம் ‘கேட்டல் திருநாள்’ நடக்கிறது, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், அவர்கள் முன்னால் முனியன் மேடையேறி இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்றார். இவ்வளவு தெளிவாகக் குறை சொல்கிற உறுப்பினர் கம்பெனிக்குக் கிடைத்ததில்லையாம்.

வீட்டில் சின்னக்குழந்தை சொன்னாள், “நாளையிலருந்து நான் போவல. வாரக் கூலி போனா போவட்டும்.”

“இன்னாடி பேசற? பெரியவரே ஏத்துக்கினாரு. கையப் புட்சிக்கினு ஏத்துக்கினாரு.”

“பாய நவுத்தட்டும், போறேன்.”

“ஏத்துக்கினவங்கள நம்பாம நீ வூட்ல குந்திக்கினா நல்லாவா கீது? நாளைக்கி நம்ம பேச்ச எவன் ஒக்காந்து கேப்பான்? மேடைல வேற பேசச் சொல்லிக்கிறாரு. எம் பொண்டாட்டியே வேலைக்கி வரலன்னா எம் மூஞ்ச எங்க வச்சிக்கிறது?”

அவள் எழுந்து போய் ஊசி நூலை எடுத்து வந்தாள். பிறகு, “மேடைக்கி அந்த வெள்ளச் சட்டய போட்டுக்கோ. காலரு கிழிஞ்சிருக்கும், தெச்சித் தர்றேன்” என்றாள். தைத்தும் கொடுத்தாள்.

திருநாளன்று கிடங்குக்கு எதிரே பந்தல் போட்டிருந்தார்கள். முகப்பில் பெரிய காது ஒன்று, தெர்மோகோலில். விருந்தினர்களுக்குக் கேழ்வரகு பிஸ்கெட்டும் புளிச்சாறும். விழா நடக்கும்போது சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகக் கிடங்குப் பெண்களை உள்ளேயே இருந்து மெதுவாக வேலை செய்யச் சொல்லி, கதவை வெளிப்பக்கம் பூட்டி வைத்திருந்தார்கள். கிழக்கே அமிர்திப் பக்கம் வானம் கறுத்து வந்தது.

கடன் கொடுத்த நிறுவனத்தின் அதிகாரி முதலில் பேசினார். கேட்டல் ஒரு முதலீடு, அதற்குச் செலவு குறைவு, வரவு அதிகம் என்றார். “விலையை உயர்த்தினால் பணம் வேண்டும். கூரையை மாற்றினால் பணம் வேண்டும். கேட்பதற்கு என்ன வேண்டும்? இரண்டு காது! அது தொழிலாளியிடமும் இருக்கிறது, முதலாளியிடமும் இருக்கிறது. இந்தச் சமத்துவம் வேறு எதில் வரும்?” என்று அவர் கேட்டபோது கைதட்டல் எழுந்தது. திட்டம் வந்த பிறகு வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். மலையில் வேறு வேலை இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. அவரிடம் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பேச வந்தவர்.

அடுத்து ஜீவானந்தம். “நம்மிடம் வந்த குறைகளில் ஒன்றுகூட விடுபடவில்லை. அத்தனையும் கேட்கப்பட்டன. ஒரு குறையை ஒருமுறை கேட்டால் அதன் பாதி பாரம் இறங்கிவிடுகிறது என்பது அறிவியல். இரண்டாம் முறை கேட்டால் மீதியில் பாதி. நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.” மழை தொடங்கியது. பந்தல் தகரத்தில் சடசடவென்று விழுந்ததால் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

பிறகு முனியனை மேடையேற்றினார்கள். செவியகத்திலிருந்து கொண்டுவந்த அதே இரண்டு மெத்தை நாற்காலிகள். எதிரே அருணா. ஒலிவாங்கிகள் இரண்டு. முனியன் பேச, அருணா கேட்டுத் திருப்பிச் சொல்ல, கூட்டம் அதைப் பார்க்க வேண்டும் என்று வெற்றிச்செல்வன் விளக்கினார். பேசியவர் தான் சொன்னதை முழுதாகத் திருப்பிக் கேட்கும்வரை எழக் கூடாது, யாரும் எழக் கூடாது, அதுதான் கேட்பவருக்கும் பேசுபவருக்கும் உள்ள ஒப்பந்தம் என்றார்.

முனியன் பேசினான். மழை வலுத்ததைப் பார்த்துப் பார்த்து, சுருக்கமாகவே பேசினான். சுவர் தள்ளியிருக்கிறது, மேட்டு மண் நனைந்தால் தாங்காது, பாயை நகர்த்த வேண்டும், மழை பெய்கிறது, இப்போதே நகர்த்தினால் நல்லது. பேசி முடித்தபோது முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அருணா ஒலிவாங்கியை எடுத்தாள். “பின்சுவர் தள்ளியிருப்பதாக நீங்கள் உணர்கிறீர்கள். மழையில் மண் நனைந்தால்…”

அப்போது அந்தச் சத்தம் வந்தது. இடி மாதிரி மேலிருந்து வரவில்லை. தரையில் வந்தது. மேடையில் இருந்த தண்ணீர்க் குவளை நடுங்கியது. அதன் பின்னால், மெல்லியதாக, கதவுக்கு உள்ளிருந்து பெண்களின் குரல்.

சிலர் திரும்பிப் பார்த்தார்கள். வெற்றிச்செல்வன் இரண்டு கைகளையும் உயர்த்திப் புன்னகைத்தார். “இதுதான் சோதனை! வெளிச் சத்தங்கள் வரும். நல்ல செவி அதற்குப் போகாது. அருணா, தொடருங்க.”

கூட்டம் பயிற்சி பெற்ற கூட்டம். ஒருவரும் எழவில்லை. அருணாவின் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் அவள் நன்றாகப் பயின்றவள்.

“…மண் நனைந்தால் சுவர் விழும், விழுந்தால் பெண்கள் மேல் விழும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். சரியா ஐயா?”

முனியன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். வில்லை குத்திய இரண்டு பேர் அன்பாக அவன் தோளைப் பிடித்து, “இன்னும் முடியலைங்க, ஒரு நிமிஷம்” என்றார்கள். அவன் அவர்களை உதறிய உதறலில் தெர்மோகோல் காது சாய்ந்து முன்வரிசை மேல் விழுந்தது. அப்போதுதான் கூட்டம் எழுந்தது.

கிடங்குக் கதவில் பூட்டு தொங்கியது. சாவி ஜீவானந்தத்தின் பையில் இருந்தது. அவர் எந்தப் பை என்று தேடுவதற்குள் முனியனும் இரண்டு லாரிக்காரர்களும் ஜாக்கிக் கம்பியால் கதவைப் பெயர்த்துவிட்டார்கள். சுவரில் பாதி விழுந்திருந்தது. சேறும் கல்லும் புளியும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. தோள் வீங்கியிருந்த பெண்ணுக்குக் கால் போனது. ஒருத்தியைத் தவிர மற்றவர்கள் காயத்தோடு தப்பினார்கள். சின்னக்குழந்தை சுவரில் முதுகைச் சாய்த்திருந்த இடத்திலேயே இருந்தாள். அவளை எடுக்க அதிக நேரம் ஆனது.

விசாரணைக்கு வந்த அதிகாரி, ஆபத்து இருப்பது கம்பெனிக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். ஜீவானந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தெரியாதுன்னு எங்களை யாரும் குறை சொல்ல முடியாது சார். செவியகத்தில் ஒருமுறை, என் அறையில் ஒருமுறை, மேடையில் எல்லார் முன்னாலும் ஒருமுறை. முழுசா, குறுக்கிடாமல் கேட்டிருக்கோம். இந்த வட்டாரத்தில் வேற எந்தக் கம்பெனியாவது இப்படிக் கேட்டிருக்கா, சொல்லுங்க.”

அதிகாரி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கோபால்சாமி பணியில் இல்லாத நேரத்தில் கிடங்கில் நடந்ததற்கு அவரே பொறுப்பு என்று முடிவானது. மறுபயிற்சி முடிந்து வந்தவர் அப்படியே வீட்டுக்குப் போனார். துயர காலத்தில் கேட்டல் எப்படி இருக்க வேண்டும் என்று வெற்றிச்செல்வன் ஒரு புதிய பயிற்சி தயாரித்தார். அதற்காக ஈச்சங்கொல்லைக்கு ஒரு குழு ஜீப்பில் போய் முனியன் வீட்டு முன்னால் முன்சாய்ந்து உட்கார்ந்தது. அவன் வாயே திறக்கவில்லை. மௌனத்தையும் கேட்கத் தெரிந்தவர்கள் என்பதால் அவர்கள் பொழுது சாயும்வரை இருந்துவிட்டுப் போனார்கள்.

சின்னக்குழந்தையின் கருமாதி முடிந்த மறுநாள் காலையில் முனியன் கம்பெனிக்கு நடந்தான்.

விழுந்த பாதிச் சுவருக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நின்ற பாதிச் சுவர் நின்றது, முன்பைவிட அதிகமாக வயிறு தள்ளிக்கொண்டு. அதை ஒட்டிப் பாய் போட்டுப் பெண்கள் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசல் பக்கத்து இடத்தை, பார்வையிட வருகிற குழுக்களுக்கு நாற்காலி போட ஒதுக்கியிருந்தார்கள்.

முனியன் யாரிடமும் போகவில்லை. செவியகத்தைத் தாண்டிக் கிடங்குக்குள் நுழைந்தான். முதல் பாயின் முனையைப் பிடித்தான். அதன் மேல் இருந்த கிழவி அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, புளிக்கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவன் பாயை இழுத்துக்கொண்டு வாசலைக் கடந்து, வெளியே புளியமரத்தடியில் போட்டான். திரும்பி வந்து அடுத்த பாயைப் பிடித்தான். பெண்கள் கூடையும் புளி தட்டும் கட்டையுமாக அவன் பின்னால் வந்தார்கள்.

அருணா ஓடிவந்தாள். காது வில்லை அவள் சட்டையில் இல்லை. ஆனால் கைகள் பழக்கத்தில் வயிற்றுக்கு முன்னால் கோத்திருந்தன.

“ஐயா, என்ன பண்றீங்க? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. உள்ள வந்து உக்காருங்க. நான் கேக்குறேன்.”

அவன் அவளைச் சுற்றிக்கொண்டு மூன்றாவது பாய்க்குப் போனான்.

“அனுமதி இல்லாம இடம் மாத்தக் கூடாது ஐயா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

பாய் கனமாக இருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. அவன் குனிந்து இரண்டு கையாலும் பற்றி இழுத்தான். பாயின் மறுமுனை ஒரு கல்லில் மாட்டிக்கொண்டது. அருணா அங்கேயே நின்றாள். பிறகு கோத்திருந்த கைகளைப் பிரித்து, குனிந்து, மறுமுனையைத் தூக்கினாள்.

பாய் வாசலைத் தாண்டியது.

அடுத்த வாரம் அவளையும் மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள்.